லோஜ் அக்காவின் மேப்பிள்

எங்கள் கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் லோஜ் அக்காவிடம் ஒரு பயம் இருந்தது. இத்தனைக்கும் அவர் யாரிடமும் சத்தம் போட்டதில்லை, யாரைப் பற்றியும் கோள் சொன்னதுமில்லை. அவர் ஒருவரையும் ஒன்றும் கேட்கமாட்டார், அதுதான் பயம். கேள்வி கேட்கிற ஆளிடம் எதையாவது சொல்லித் தப்பிவிடலாம். கேட்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளிடம் என்னத்தைச் சொல்லித் தப்புவது?

அவர் அந்தக் கட்டடத்தின் காவற்காரி. தெருக்கதவோடு ஒட்டிய ஒற்றை அறையில் இருந்துகொண்டு படிகளைத் துடைப்பார், குப்பைத் தொட்டிகளை வெளியே இழுத்து வைப்பார், கடிதங்களைப் பிரித்துப் போடுவார். அந்த அறையைப் பிரெஞ்சில் லோஜ் என்பார்கள். கதவிலும் அந்தச் சொல் மட்டும்தான் எழுதியிருந்தது. அதனால் எங்களுக்கு அவர் லோஜ் அக்கா. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். மன்னார்ப் பக்கத்து ஆள். கழுத்தில் நூலில் கோத்த ஒரு சின்னச் சிலுவை. இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. அவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் அவரைக் கேட்கவில்லை.

2009 ஒக்ரோபரில் நான் ஏழு மாதக் குழந்தையோடு பாரிசுக்கு வந்தேன். கணவர் எனக்கு முன்பே வந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். லா சப்பல் மெற்றோவிலிருந்து ஐந்து நிமிட நடையில் அந்தக் கட்டடம். ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே எங்களுக்கு ஒரு அறை கிடைத்திருந்தது. கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. அறை கணவருடைய கூட்டாளியின் பேரில் இருந்தது, ஒரு ஆளுக்கு மட்டும் என்று. அவர் புறநகரான எபினேக்குப் போய்விட, அவர் பேருக்குள் நாங்கள் மூன்று பேர் ஒளிந்திருந்தோம். அகதிக் கோரிக்கை ஒரு தரம் தள்ளுபடியாகி, மேன்முறையீட்டில் கிடந்தது. எந்தக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டாலும் நான் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொள்வேன்.

முதல் நாள் கணவர் பெட்டியோடு முன்னால் போக, நான் குழந்தையைச் சால்வையால் மூடிக்கொண்டு தெருக்கதவைத் தாண்டினேன். லோஜின் திரைச்சீலை விலகியது. அவர் வெளியே வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சால்வைக்குள் அசைந்ததைப் பார்த்தார். கணவர் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். நான் என் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் முற்றத்தைப் பார்த்தேன். நாலு பக்கமும் சுவர், நடுவில் ஒரு சதுர மண், அதில் ஆளுயரத்துக்கு ஒரு மரம். இலையெல்லாம் இரத்தச் சிவப்பு. என்னவோ வருத்தம் பிடித்துக் கருகப்போகிறது என்று நினைத்தேன்.

“வருத்தமில்லை. குளிர் வரமுன்னம் அது இப்பிடித்தான் சிவக்கும்,” என்றார் அவர், என் பார்வை போன பக்கம் பார்த்து. பிறகு, “பின்படியாலை போங்கோ. நாலாம் மாடிக்கு மேலை ரெண்டு படி உடைஞ்சு கிடக்கு. சுவர்ப் பக்கமாய்க் காலை வையுங்கோ, தங்கச்சி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான். யார், எவர், எத்தனை பேர், எத்தனை நாள், ஒன்றுமில்லை.

அந்த மரத்தை அவர் “எறாபிள்” என்பார், பிரெஞ்சுக்காரர் சொல்வதுபோல. யப்பான் மேப்பிள். கட்டடத்திலிருந்து வேறிடம் போன ஒரு கிழவர் அதைச் சின்னத் தொட்டியில் விட்டுவிட்டுப் போக, இவர் எடுத்து முற்றத்து மண்ணில் நட்டிருக்கிறார். அந்த இடத்தில் முன்பு குப்பைத் தொட்டிகள் நின்றனவாம். தொட்டிகளைச் சுவரோரம் தள்ளியது இரண்டாம் மாடி மதாமுக்குப் பிடிக்கவில்லை. வேர் போய் நிலவறைச் சுவரை உடைக்கும், இலை விழுந்து தண்ணீர் ஓடும் கான் அடைக்கும் என்று அவர் வருடா வருடம் வீட்டுக்காரர்களின் கூட்டத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்கா அந்த மரத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடமாட்டார். பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அது மேப்பிளுக்கு ஆகாது. ரூ காய்க் கடையொன்றில் வாங்கிய நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பாயைக் கூரைப் பீலிக்குக் கீழே வைத்து மழைத்தண்ணீர் பிடிப்பார். வேரைச் சுற்றி பைன் மரப்பட்டைத் துண்டுகளைப் பரப்பி வைப்பார். கோடையில் முற்றத்துக்குள் இரண்டு மணித்தியாலம் வெயில் நேரே இறங்கும். அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு பழைய நூல் சேலையைக் கொக்கிகளில் கட்டி மரத்துக்கு நிழல் போடுவார். முற்றத்தில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று மதாம் கடிதம் எழுதினார். “இது காயப்போட்டதில்லை, மதாம், நனைஞ்சும் இல்லை,” என்று அக்கா பதில் சொன்னார். அது உண்மை. அவர் உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த உண்மையை எப்படிக் கையாளுவார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நாங்கள் வந்த இரண்டாம் கிழமை அவர் படியில் என்னைக் கண்டு, “திங்கக்கிழமை பத்து மணிக்கு நான் ஆறாம் மாடி துடைக்கிறனான்,” என்றார். நான் தலையாட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன். அறைக்குள் வந்து குழந்தைக்குப் பால் கரைக்கும்போதுதான் அது எனக்கு விளங்கியது. அடுத்த திங்களிலிருந்து ஒன்பதரைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். கார் து நோர் நிலையத்தின் காத்திருக்கும் கூடத்தில் இருப்பேன், அல்லது ரூ காயில் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே விலை கேட்பவள்போல நடப்பேன். பனிக்காலத்தில் மதாம் அக்காவைக் கட்டடத்து வாசலில் மறித்து, மேலே குழந்தை அழுகிற சத்தம் கேட்பதாகச் சொன்னாராம். “நான் ஒவ்வொரு திங்களும் ஆறாம் மாடியிலை ஒரு மணித்தியாலம் நிக்கிறன், மதாம். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை,” என்றாராம் அக்கா. இதை அவரே எனக்குச் சொன்னார், கடிதம் ஒன்றை நீட்டிக்கொண்டு, வானிலை சொல்வதுபோல.

அவருடைய இந்தக் குணத்தின் நிழலில்தான் நாங்கள் இருந்தோம். ஆனால் அதே குணத்துக்கு நான் ஒருநாள் பயந்தேன்.

நாலாம் மாடியில் ஒரு இளம் பிரெஞ்சுப் பெண் இருந்தாள். புருசன் வாட்டசாட்டமான ஆள், படியில் கண்டால் எனக்குக்கூட வணக்கம் சொல்வான். அவள் பனிக்காலத்திலும் கறுப்புக் கண்ணாடி போடுவாள். ஒரு மாசி மாதத்துக் காலையில், அவசர உதவிக்கு வருகிற தீயணைப்புக்காரர் அவளைத் தூக்குபடுக்கையில் இறக்கிக்கொண்டு போனார்கள். தாடை உடைந்து, கை உடைந்து. உயிர் தப்பினாள், ஆனால் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பி வரவில்லை. பொலிஸ் வந்து முற்றத்தில் வைத்து அக்காவை விசாரித்தது. நான் பின்படியின் வளைவில் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எனக்குப் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனாலும் விளங்கியது.

“சத்தம் ஏதும் கேட்டீர்களா?”

“கேட்டேன். பலதரம்.”

“ஏன் யாரிடமும் சொல்லவில்லை?”

“ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.”

அன்று பின்னேரம் அவர் மரத்தடியில் சின்னக் கத்தரிக்கோலோடு நின்றார். மேப்பிளை இலை இல்லாத குளிர்காலத்தில்தான் வெட்டவேண்டும், இளவேனிலில் வெட்டினால் காயத்தால் நீர் வடிந்துகொண்டே இருக்கும் என்று முன்பு சொல்லியிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைப்பார். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

“அக்கா, அந்தப் பிள்ளையை நீங்கள் ஒருக்கால் கேட்டிருக்கலாமே?”

அவர் திரும்பவில்லை. “ரெண்டு தரம் லோஜுக்கு வந்தவ. கதிரையிலை இருந்தவ. நான் தேத்தண்ணி குடுத்தன்,” என்றார். “நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பா.”

சொல்லிக்கொண்டே கத்தரியை அழுத்தினார். விழுந்தது உயிருள்ள கிளை, மொட்டுகளோடு. அவர் அப்படிப் பிழையாக வெட்டி நான் பார்த்ததில்லை. குனிந்து அதை எடுத்து ஏப்பிரன் பைக்குள் வைத்துக்கொண்டு லோஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு நாள் வெளியே வரவில்லை. குப்பைத் தொட்டிகளை முதலாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் இழுத்து வைத்தார்.

அந்த வருடம் ஆனி மாதம் எங்கள் மாடியின் கைகழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. கூரை அறைகளுக்கெல்லாம் சேர்த்து நடைவழியில் ஒரே ஒரு குழாய், ஒரே ஒரு தொட்டி. மற்ற அறைகளில் சாமான்கள்தான் கிடந்தன, ஆட்கள் இல்லை. பக்கத்துக் கழிவறையும் அதே குழாயோடுதான் சேர்ந்திருந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் மேலே ஏறி நடையில் வழிந்தது. கீழே ஐந்தாம் மாடிக் கூரையில் ஒரு ஈரக்கறை விழுந்தால் போதும், யாராவது ஏறி வந்து கதவைத் தட்டுவார்கள். அடைத்துவிட்டது என்று முறைப்பாடு சொல்லவும் முடியாது. ஒரு ஆள் மட்டும் இருக்கிற அறையில் எப்படி இவ்வளவு தண்ணீர் என்று கேட்பார்கள்.

குழந்தைக்கு அப்போது வயிற்றோட்டம். துணிகளை வாளியில் சவர்க்காரத் தூளும் ஜவெலும் போட்டு ஊறவைத்துத் தோய்ப்பேன். ஜவெல் என்றால் நிலம் கழுவுகிற, மூக்கைப் பிய்க்கிற வெள்ளாக்கும் மருந்து. பின்னேரம் இரண்டிலிருந்து நாலு வரை லோஜ் பூட்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து வாளியைத் தூக்கிக்கொண்டு பின்படியால் இறங்கி, முற்றத்துக் கானில் ஊற்றிவிட்டு ஓடி வந்துவிடுவேன். கானின் இரும்புச் சல்லடை மரத்தடியை ஒட்டி இருந்தது. தண்ணீர் அதற்குள் மெதுவாகத்தான் இறங்கும். மிச்சம் மரப்பட்டைத் துண்டுகளுக்குள் பரவிப் போகும். தண்ணீர்தானே, மரத்துக்கு நல்லதுதான் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். கிட்டத்தட்ட மூன்று கிழமை, சில நாள் இரண்டு வாளி.

முதலில் கான் பக்கத்து இலைகளின் ஓரம் காய்ந்தது. பிறகு இலைகள் விரல் மடக்கியதுபோலச் சுருண்டன. வெயில் என்று நினைத்து அக்கா சேலையை இன்னொரு மடிப்புப் போட்டுக் கட்டினார். பத்து நாளில் ஒரு கிளை முழுவதும் பழுப்பானது, அடுத்த கிழமை இன்னொன்று.

ஒரு வியாழக்கிழமை நான் மேலே ஜன்னலருகில் குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். கீழே அக்கா முழங்காலில் இருந்து மரப்பட்டைகளை விலக்கினார். ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஒவ்வொரு நாளும் படி கழுவுகிற பெண்ணுக்கு ஜவெல் மணத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? மண்ணைக் கையில் வைத்தபடியே தலையை நிமிர்த்தினார். முதலாம் மாடி, இரண்டாம் மாடி என்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாம் மாடிக்கு வரமுன் நான் நிலத்தில் குந்திவிட்டேன். கையில் சோற்றுக் கோப்பை. குழந்தை அது விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது.

அதன்பிறகு வந்த நாட்களைப்போல இறுக்கமான நாட்களை நான் வாழ்ந்ததில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. வேரைச் சுற்றி மண்ணைக் கைக்கரண்டியால் கிண்டி, பை பையாக அள்ளி வெளியே கொண்டுபோனார். பீப்பாய்த் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக ஊற்றி வேரைக் கழுவினார். புது மண் வாங்கி வந்து போட்டார். நான் கடந்து போகும்போது, “மழை வந்தால் நல்லம்,” என்பார். எனக்கு அது ஆயிரம் கேள்விபோல இருக்கும். வாளியை நான் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டேன். கணவர் கடையிலிருந்து ஒரு நீளமான கம்பி கொண்டுவந்து, ஒருவருக்கும் தெரியாமல் அடைப்பை எடுத்தார். அரை மணித்தியால வேலை. முதலே செய்திருக்கலாம் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

ஆவணி முடிவில் மதாம் முற்றத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டார். நான் பின்படியில் நின்றேன்.

“இந்த மண்ணில் ஜவெல் மணக்கிறது. உங்கள் வாளித் தண்ணீரை இங்கேதான் ஊற்றுகிறீர்கள், இல்லையா?”

“இல்லை, மதாம்.”

“அப்படியானால் யார்?”

“தெரியாது, மதாம்.”

“ஒரு மரத்தைப் பார்க்கத் தெரியவில்லை, யார் வருகிறார் போகிறார் என்றும் தெரியவில்லை. நீங்கள் எதற்கு இங்கே?”

அது சும்மா கோபத்தில் கேட்ட கேள்வியில்லை. அடுத்த கூட்டத்தில் லோஜை மூடுவது பற்றி வாக்கெடுப்பு இருந்தது. காவற்காரியை நிறுத்திவிட்டுத் துப்புரவுக் கொம்பனி ஒன்றை வைத்துக்கொள்வது, லோஜை வாடகைக்கு விடுவது. மதாமோடு சிலர் சேர்ந்திருந்தார்கள். முதலாம் மாடி ஆசிரியரும் வேறு சிலரும் அக்கா பக்கம். வேலை போனால் அவருக்கு வீடும் போய்விடும். அவர் தன் வாளியால் பொது இடத்து மரத்தைக் கொன்றார் என்று மதாம் எழுத்தில் கொடுத்திருந்தார்.

கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தார்.

“நீர் வாயைத் திறக்காதையும். திறந்தால் நாளைக்கே வெளியிலை. உந்த விலாசத்துக்குத்தான் எங்கடை அகதி வழக்குக் கோட்டுக் கடிதம் வரும். குழந்தையைக் கொண்டு எங்கை போறது?”

“அவ எங்கை போவா?”

அவர் எழும்பிச் சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் நான் லோஜ் கதவைத் தட்டினேன். அக்கா மேசையில் கடிதங்களை மாடி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கதிரையில் இருக்கவில்லை. “அக்கா, அந்த மரம்...” என்று தொடங்கினேன்.

அவர் கையை நிமிர்த்திக் காட்டினார். “வேண்டாம்.”

“இல்லை அக்கா, நான் சொல்லவேணும்.”

“சொல்லிப்போட்டியளெண்டால் எனக்குத் தெரிஞ்சுபோம். தெரிஞ்சால், நாளையண்டைக்கு அவை கேக்கேக்கை நான் சொல்லவேணும்.”

“தெரியாதெண்டு சொல்லலாம்தானே அக்கா?”

“எனக்குப் பொய் வருகுதில்லை,” என்றார். ஒரு கடிதத்தை எடுத்து, எந்த அடுக்கில் வைப்பதென்று தெரியாதவர்போல அதையே பார்த்தார். “ஊரிலை ஒருக்கால் கேட்டவங்கள். நான் தெரிஞ்சதைச் சொன்னன்.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. யார் கேட்டார்கள், யாரைப் பற்றி, பிறகு அந்த ஆளுக்கு என்ன நடந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கதவை மூடிவிட்டு ஆறு மாடியும் அந்த ஒரு வசனத்தோடுதான் ஏறினேன்.

கூட்டம் முற்றத்திலேயே நடந்தது. பின்னேர வெளிச்சத்தில் மடிப்புக் கதிரைகள் போட்டிருந்தார்கள். கட்டட நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒரு இளம் மனிதர் மடியில் காகிதங்களோடு. அக்கா லோஜ் வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதி காய்ந்த மேப்பிள் எல்லோருக்கும் நடுவில். நான் பின்படியின் கடைசிப் படியில் இருட்டுக்குள் குழந்தையோடு நின்று கேட்டேன். மதாம் வாளிக் கதையை வாசித்தார். ஆசிரியர் ஆதாரம் கேட்டார். ஆதாரம் அந்த மரம்தான் என்றார் மதாம். நிர்வாகத்துக்காரர் அக்காவிடம், “நீங்கள் இல்லையென்றால் வேறு யாராக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“நினைக்கிறதை நான் சொல்லமாட்டேன், மெஸ்யு. தெரிந்தால் சொல்வேன். தெரியாது.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னை வெளியே தள்ளியது. நான் வெளிச்சத்துக்கு வந்து நின்றேன்.

“செ முவா,” என்றேன். நான்தான். வாளி, துணி, ஜவெல் என்று தெரிந்த சொற்களையெல்லாம் வரிசையில்லாமல் சொன்னேன். இடுப்பில் இருந்த குழந்தை எல்லோரையும் பார்த்துக் கையசைத்தது.

மதாமின் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. மெல்ல ஒரு அமைதி வந்தது. “நீங்கள் எந்த மாடி?” ஆறு. “எத்தனை பேர்?” மூன்று. “எப்போதிலிருந்து?” ஒரு வருடம். மரத்தை அவர் மறந்துவிட்டார். எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் மெதுவாக லோஜ் பக்கம் திரும்பினார்.

“இது உங்களுக்குத் தெரியுமா?”

அந்த ஒரு கேள்வியை ஒரு வருடமாக ஒருவரும் அவரிடம் நேராகக் கேட்டிருக்கவில்லை. கேட்கத் தோன்றாதபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கான வாசலை நான்தான் திறந்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவரைப் பார்த்துத் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினேன்.

“உய், மதாம்,” என்றார் அக்கா. “முதல் நாளே தெரியும்.”

ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். கை உயர்த்திய நேரத்தில் அவருடைய கை அக்காவுக்காக உயர்ந்தது. ஆனால் அவர் பக்கம் இருந்த மற்ற இரண்டு பேருடைய கைகள் மடியிலேயே கிடந்தன. லோஜை மூடுவதென்று முடிவானது. இளவேனிலுக்குள் அவர் வீட்டை விடவேண்டும்.

ஆட்கள் போனபிறகு நான் அவர் முன்னால் போய் நின்றேன். அழுதேன். அவர் கதிரைகளை மடித்துச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார்.

“நான் கேக்கேல்லையே, தங்கச்சி,” என்றார். அதில் கோபம் இருந்ததா, களைப்பு இருந்ததா என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

எங்களுக்கும் அறை போனது. கூட்டாளி தொலைபேசியில் கத்தினார், அவர் கத்தியது நியாயம்தான். எபினேயில் கணவரின் ஒன்றுவிட்ட தமையன் குடும்பம் தங்கள் வரவேற்பறையை விட்டுத் தந்தார்கள். போகிற நாள் அக்கா தெருக்கதவைப் பிடித்துத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், பெட்டி இடிபடாமல். கணவர் முன்னால் போய்விட்டார். நான் நின்றேன்.

“அக்கா, உங்களுக்கு என்னிலை கோவமோ?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “கேக்காதேங்கோ,” என்றார். “கேட்டால் சொல்லவேண்டி வரும்.”

நான் கேட்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தேன்.

பிறகு எங்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது, திரான்சியில் வீடு கிடைத்தது, மகள் பள்ளிக்கூடம் போனாள். ஒவ்வொரு கிழமையும் சாமான் வாங்க லா சப்பல் வருவேன். ஆனால் அந்தத் தெருவுக்குள் போகமாட்டேன், சுற்றித்தான் போவேன். ஒரே ஒரு தரம் போனேன். தெருக்கதவு திறந்து கிடந்தது. லோஜில் சைக்கிள்கள் நின்றன. முற்றத்து மண் சதுரத்துக்குச் சீமெந்து பூசி, குப்பைத் தொட்டிகளை வைத்திருந்தார்கள். மரம் இல்லை. வெட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அன்று வாங்கப்போன சாமானை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

2019இல், ஒரு சனிக்கிழமை, ரூ காய் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்க் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கையை முதலில் கண்டேன். ஆளைப் பார்க்கமுன்பே கை தெரிந்துவிட்டது. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னோடு மகள் நின்றாள், பத்து வயது, நெடுத்து வளர்ந்தவள். நான் பையை நிலத்தில் வைத்துவிட்டேன்.

அக்கா என்னைக் கண்டார். முகம் மாறவில்லை. முருங்கைக்காய்க் கட்டைத் தராசில் வைத்தபடி, நேற்று விட்ட கதையைத் தொடர்வதுபோலச் சொன்னார்.

“எறாபிள் நிக்குது. நான் விட்டிட்டு வரேல்லை. இலை இல்லாத நேரம் பாத்து ரெண்டு நாள் கிண்டி, வேரைச் சாக்காலை சுத்தி எடுத்தனான். இந்தக் கடைக்காரற்றை வான்தான் ஏத்திக்கொண்டு வந்தது. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்துத் தோட்டத்திலை வைச்சிருக்கு.”

“தப்பிச்சிட்டுதோ அக்கா?”

“ஒரு பக்கம் பட்டது பட்டதுதான். தறிச்சு விட்டன். மற்றப் பக்கம் என்னைவிட உயரம். கிழடுகள் அதுக்குக் கீழைதான் கதிரை போடுகினம்.”

அன்று கதவடியில் நான் கேட்காமல் விட்ட கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அவர் சொல்வதைத் தாங்க இப்போது என்னால் முடியும் என்றும் நினைத்தேன். அதற்குள் அவர் என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். கால் முதல் தலை வரை, ஆறுதலாக. சால்வைக்குள் அசைந்ததைப் பார்த்த அதே பார்வை. ஆனால் இந்தத் தடவை அவர் வாய் திறந்தார்.

“உனக்கு என்ன பேர்?”

ஒரு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் என் குழந்தையின் பேர் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மகள் தன் பேரைச் சொன்னாள். அக்கா அதை ஒருமுறை தன் வாயால் சொல்லிப் பார்த்தார். மகள் பள்ளிக்கூடத்தில் பழக்கிய மரியாதையோடு, பிரெஞ்சில், “உங்களுடைய பேர் என்ன, மதாம்?” என்று திருப்பிக் கேட்டாள்.

அக்கா கொஞ்சம் திகைத்தார். பிறகு குனிந்து, அவள் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னார். கடையில் சனம், இரைச்சல். ஆனாலும் எனக்கு அது கேட்டது. அதை நான் இங்கே எழுதவில்லை. அவர் அதை என் மகளிடம்தான் சொன்னார்.